சுவரில் விட்டுவைத்த இடம்

ரிங்கோன், நியூ மெக்சிகோ
1971 பிப்ரவரி 9

அன்புத் தம்பி ஒனேசிமோவுக்கு அக்கா செனைதா எழுதுவது.

இங்கே ஆடுகள், கோழிகள், உன் அத்தான் எல்லோரும் சுகம். கடைசியாகச் சொன்ன ஆளுக்கு மட்டும் இருமல். நீ சுகமாக இருக்கிறாயா, உயிரோடாவது இருக்கிறாயா, இரண்டில் ஒன்றுக்குப் பதில் போடு. பட்டாளத்தை விட்டு வந்து பதினாலு மாசம் ஆகிறது. வியட்நாமிலிருந்து மாசம் ஒரு கடுதாசி வந்தது. ஒரு நாள் பஸ் தூரத்தில் இருக்கிற டென்வரிலிருந்து ஒன்றும் வரவில்லை. "தம்பி இன்னும் தூரமாப் போயிட்டானா, செனைதா?" என்று தபால்காரர் கேட்கிறார். 

உனக்கு நான் பட்ட நன்றிக்கடனை இன்னும் நேரில் சொல்லவில்லை. என் பிள்ளை சிந்தோ பட்டாளத்தில் சேர்ந்ததும், "உன் கம்பெனிக்கே இழுத்துக்கோ, உன் கண்ணிலேயே வச்சுக்கோ" என்று எழுதினேன். நீயும் பெரிய சார்ஜண்ட், யார் யார் காலையோ பிடித்து உன் மருமகனை உன்னிடமே வரவழைத்துக்கொண்டாய். அந்த ஆறேழு மாசம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். பதினாலு வயசில் ஞானத்தகப்பனாக அவனைக் கையில் ஏந்தி நின்றவன் நீ. சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றியபோது பிள்ளை அழவில்லை, நீதான் அழுதாய்.

ராணுவக் கடுதாசி வந்து பதினாறு மாசம். "குமெர்சிந்தோ என்பவரைக் காணவில்லை." நம்ம சிந்தோவை யாருடா அவ்வளவு நீளமாகக் கூப்பிடுவார்கள்? காணவில்லை என்றால் எங்கேயோ இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? கடைசியாக அவன் எப்படி இருந்தான், என்ன சாப்பிட்டான், ஒரு வரி எழுது.

மூணாங்கிளாஸ் படிப்பில் இவ்வளவுதான் வரும்.
உன் அக்கா.

*

டென்வர்
மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாகவும் இருக்கிறேன், உயிரோடும் இருக்கிறேன். நீ ஒன்று கேட்டாய், இரண்டாகத் தந்துவிட்டேன்.

வந்ததும் ஆறு மாதம் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். காயம் ஒன்றும் இல்லை, தூக்கம்தான் வரவில்லை. அங்கே ஒரு டாக்டரம்மா பென்சிலும் தாளும் கொடுத்து, "எதையாவது கிறுக்குங்க சார்ஜண்ட்" என்றார். கிறுக்கினேன். நம் வீட்டு ஆடுகளையெல்லாம் வரைந்தேன். கண்ணை மூடினால் வருவதை வரையவில்லை, கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள உதவுவதை வரைந்தேன்.

இப்போது ஆட்டிறைச்சிக் கிடங்கில் வேலை. ஒரு நாள் முதலாளியின் கடைப் பலகையில் ஆட்டுத்தலை வரைந்து கொடுத்தேன். ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அடுத்த தெருவில் ரொட்டிக்கடைக்காரர் கூப்பிட்டார், பிறகு சவரக்கடைக்காரர். பதினைந்து வருடம் துப்பாக்கி பிடித்த கையில் தூரிகை நடுங்காமல் நிற்கிறது. ஆச்சரியம்தான்.

அத்தானின் இருமலுக்குத் தேன் கொடு.

உன் தம்பி,
ஒனேசிமோ

*

ரிங்கோன்
மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

தேன் கொடுத்தேன். இருமல் நின்றது, குறட்டை கூடிவிட்டது. உன் வைத்தியத்தை உன்னிடமே வைத்துக்கொள். நீ சாப்பிடுகிறாயா? ஆட்டைப் படமாகப் போட்டால் வயிறு நிறையாது.

போன வாரம் வாய்க்கால் தூர் வாரினார்கள். மணியக்காரர் மதகு மேல் ஏறி நின்று பேர் வாசித்தார். "அமராந்தே!" உன் அத்தான், "ஆஜர்." "குமெர்சிந்தோ!" அதற்கும் உன் அத்தானே, "ஆஜர்." போன வருஷமும் இப்படித்தான். ஒருத்தரும் சிரிப்பதில்லை. தன் பங்கை வெட்டி முடித்துவிட்டு, சிந்தோவின் மண்வெட்டியை எடுத்து அவன் பங்கையும் வெட்டினார். தன் பங்கில் கால் முழம் மண்ணை விட்டுவிடுகிற மனுஷன், மகன் பங்கை மட்டும் வழித்து வைத்திருக்கிறார். "பையன் நல்ல வேலைக்காரன், அப்பன்தான் சோம்பேறி" என்றேன். அப்போது சிரித்தார்.

நான் மாசம் தவறாமல் சிமயோ கோயிலுக்குப் போய், குழந்தை ஏசு நம்ம குட்டிச்சாமிக்குப் புது ஷூ வைத்துவிட்டு வருகிறேன். பாவம், கூடையில் ரொட்டியும் தண்ணியும் தூக்கிக்கொண்டு ராத்திரி பூரா காணாமல் போனவர்களைத் தேடி நடக்கிற பிள்ளை; ஷூ எத்தனை நாள் தாங்கும்? வியட்நாம் வரைக்கும் போய்வர வேண்டுமே. இந்தத் தடவை உன் அத்தான் வாங்கி வந்த ஷூ பத்து வயசுப் பையன் போடுகிற அளவு. "இதென்னய்யா, கைக்குழந்தைக்குத்தானே வைப்போம்?" என்றேன். "ஒன்றரை வருசமா நடக்கறானே, வளர்ந்திருக்க மாட்டானா?" என்கிறார். சாமியாரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் வாங்கி வைத்தார்.

சிந்தோவின் பூட்ஸ் நினைவிருக்கிறதா? ராணுவக் கயிறு மழையில் இற்றுப்போகிறது என்று எழுதினான். இவர் ஆட்டுத்தோலில் வார் அறுத்து, நுனியில் ஆட்டுமணிக்குப் போடுகிற மூணு சுற்று முடிச்சுப் போட்டு அனுப்பினாரே. "இந்தக் கம்பெனியிலேயே என் பூட்ஸ்தான் ராஜா. தூங்கும்போதுகூடக் கழட்டறதில்லை" என்று பதில் எழுதியிருந்தான். அந்த வார் இன்னும் தாங்குமா என்று இவருக்குக் கவலை.

நான் கேட்ட ஒரு வரியை நீ எழுதவில்லை. மறந்திருப்பாய்.

அக்கா.

*

டென்வர்
ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். அத்தானுக்கு என் வணக்கம்.

இங்கே நம் ஆட்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை நடத்துகிறார்கள். அதன் பக்கச் சுவர் பன்னிரண்டு அடி உயரம், நாற்பதடி நீளம். ஒதிலா என்று ஒரு பெண்தான் அங்கே எல்லாம். ரொட்டிக்கடைப் பலகையைப் பார்த்துவிட்டு நேராகக் கிடங்குக்கே வந்தார். "ஆட்டுத்தலையை எத்தனை நாளைக்கு வரையப் போறீங்க? மனுசத் தலை வரையத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்போ சுவர்ல கத்துக்குங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இவர்கள் தங்களைச் சிக்கானோ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அடுத்தவன் நமக்குப் பேர் வைப்பதற்கு முன்னால் நாமே வைத்துக்கொண்ட பேர் என்கிறார்கள். ராணுவத்தில் என்னை எத்தனையோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் பேரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

கழுகு வரை, மடக்கிய கை வரை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் வாய்க்கால் தூர் வாருவதை வரைகிறேன். வரிசையாக நம் ஊர் ஆண்கள், மண்வெட்டிகள், கீழே ஓடும் தண்ணீர். நடுவில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு வெறுஞ்சுவராக விட்டிருக்கிறேன். அங்கே என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

ஒனேசிமோ

*

ரிங்கோன்
மே 6

அன்புத் தம்பி,

யாருடா அந்த ஒதிலா? ஒரு கடுதாசியில் நாலு வரி அவளுக்கு! கல்யாணம் ஆனவளா? சமைக்கத் தெரியுமா? மனுசத் தலை வரையச் சொன்னவள் தன் தலையைத்தான் சொல்லியிருப்பாள், மண்டூகமே.

அப்புறம், அதென்ன சிக்கானோ? நம்ம அப்பா தன்னை ஸ்பெயின்காரன் என்றார். வெள்ளைக்காரன் மெக்சிகோக்காரன் என்றான். இந்தப் பேரை உன் அத்தானிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கு வாய்க்கால்ல தண்ணி முறை உண்டா?" என்று கேட்டார்.

சரி, விளையாட்டு போதும். ராணுவத்திலிருந்து ஓர் ஆபீசர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார். காணவில்லை என்கிற கணக்கில் இனி வைத்திருக்க முடியாதாம். செப்டம்பர் முடிவதற்குள் இறந்தவர் கணக்கில் மாற்றப் போகிறார்களாம். உயிரோடு இருப்பதற்கு ஏதாவது தடயம் இருந்தால் நாங்கள் எழுதித் தரலாமாம். நான் அவருக்குப் பீன்ஸும் மிளகாய்க் குழம்பும் வைத்தேன். கண்ணில் தண்ணி வரச் சாப்பிட்டார். "இறந்துட்டான்னு கையெழுத்து மட்டும் போடமாட்டேன் சார்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒனேசிமோ, கடைசி நாள் வரைக்கும் அவன் பக்கத்தில் இருந்தவன் நீ. சார்ஜண்ட் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அவன் உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு என்று அவர்களுக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடு. பெரிசாக வேண்டாம். நாலு வரி. ஒதிலாவுக்கு எழுதின அளவு போதும்.

அக்கா.

*

ரிங்கோன்
ஜூன் 14

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ?

தபால்காரர் நம் வாசலுக்கு வந்ததும் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். என் கேள்விக்குப் பயந்து.

கடுதாசி எழுதிப் போட்டாயா?

அக்கா.

*

டென்வர்
ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சுகமாக இருக்கிறேன்.

நீ கேட்ட கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஒன்பது தடவை உட்கார்ந்தேன். கை வரவில்லை. இதற்கு மேல் இப்போது கேட்காதே.

சுவர் முக்கால்வாசி முடிந்தது. இப்போது மனிதத் தலை வருகிறது. நின்று பார்க்கிறவர்கள், "இது எங்க சித்தப்பா மாதிரியே இருக்கே" என்கிறார்கள். யாருடைய சித்தப்பாவையும் நான் பார்த்ததில்லை. கிடங்கு வேலையை விட்டுவிட்டேன். இன்னொரு பேட்டையிலிருந்தும் ஒரு சுவர் இருக்கிறது என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். இனி இதுதான் என் தொழில் போலிருக்கிறது. நடுவில் விட்ட இடத்துக்காக ஒதிலா தினமும் சண்டை போடுகிறார். "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு சார்ஜண்ட்!" திறப்பு விழா செப்டம்பர் 16 அன்று.

ஒரு சந்தேகம். கோயிலில் இருக்கும் குட்டிச்சாமியின் ஷூவுக்கு வார் உண்டா, பொத்தானா? எனக்கு மறந்துவிட்டது.

ஒனேசிமோ

*

ரிங்கோன்
ஆகஸ்ட் 3

என் தங்கத் தம்பிக்கு,

எல்லாம் மன்னித்தேன்! விட்ட இடத்தில் குட்டிச்சாமியையா வரையப் போகிறாய்? வார்தான்டா, சின்னதாக ஒரு கொக்கி. இதுகூட மறந்தவன் ஞானத்தகப்பனாம்! கோயிலில் அவன் பகலில் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருப்பான். ஆனாலும் ஷூ மாட்டினபடிதான் உட்கார்ந்திருப்பான், பார்த்திருக்கிறாய் அல்லவா, யார் கூப்பிட்டாலும் உடனே கிளம்ப. நீ நாற்காலி வரையாதே. நடக்க விடு. கூடையில் ரொட்டி நிறைய வை. சிந்தோ ரொம்பச் சாப்பிடுவான்.

ராணுவத்துக்கு நீ எழுதாவிட்டால் போகிறது. காகிதத்தைவிடக் குட்டிச்சாமி பெரியவன். நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன், உனக்கு எழுத்து எப்பவுமே வராது, படம்தான் வரும்.

திறப்புக்கு நான் வருகிறேன். உன் அத்தானால் ஆடுகளை விட்டு வர முடியாது. ஆடுகளால்தான் அவரை விட முடியாது என்று நினைக்கிறேன். பஸ் நிலையத்துக்கு வந்து நில். மிளகாய்ச் சரம் ஒன்று கொண்டு வருகிறேன். ஒதிலாவுக்கும் ஒன்று.

உன் அக்கா.

*

டென்வர்
ஆகஸ்ட் 29

அக்காவுக்கு,

சுகம். நீ வராமல் இருந்தால் நல்லது. விழாவில் கூட்டம் அதிகம் இருக்கும், வெயிலும் அதிகம்.

வருவதானால், பஸ் நிலையத்தில் நிற்கிறேன்.

ஒனேசிமோ

*

ரிங்கோன்
செப்டம்பர் 27

அன்புத் தம்பி ஒனேசிமோவுக்கு அக்கா எழுதுவது.

சேதம் இல்லாமல் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தோளில் தூங்கிவிட்டேன். அவரும் குறட்டை ஜாதிதான், வீட்டு ஞாபகம் வந்தது. ஒதிலா நல்ல பெண். காலைக் கொஞ்சம் வீசி நடக்கிறாள், போகப் போகச் சரியாகிவிடும். நீ எலும்பும் தோலுமாக இருக்கிறாய்.

சுவருக்கு முன்னால் நின்று நான் என்ன சொன்னேன்? "குட்டிச்சாமி கால் ரொம்ப அழகு, நகத்தை மட்டும் வெட்டி விட்டிருக்கலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அப்புறம் மூணு நாள் உன் அறையில் இருந்தேன், உனக்குச் சமைத்தேன், உன் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தேன். ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது எழுதுகிறேன். உன் முகத்தைப் பார்க்காமல் கேட்பது சுலபம்.

நீ அவனை நடக்க விடவில்லை. ஆற்றங்கரையில் உட்கார்த்தி வைத்திருக்கிறாய். நாற்காலி இல்லை. கூடை காலி. கால் ரெண்டும் தண்ணியில். அவனுடைய சின்ன ஷூ கழற்றி ஒரு ஓரமாக இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை வெறுங்காலோடு பார்த்ததே இல்லை. வேலை பாக்கி இருக்கிற வரைக்கும் அவன் கழற்ற மாட்டான். இது சுவரைப் பார்த்த ஜனங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அது எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும்.

அந்தச் சின்ன ஷூவுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பெரிய பூட்ஸ். அதில் ஆட்டுத்தோல் வார். நுனியில் மூணு சுற்று முடிச்சு.

தூங்கும்போதுகூடக் கழற்றாதவன் அதை எப்போதுடா கழற்றினான்? யாரிடம் கொடுத்தான்?

நேற்று இந்த மாசத்து ஷூவை எடுத்துக்கொண்டு சிமயோ போனேன். வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போய் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் திரும்பிவிட்டேன்.

எழுது. அக்காவால் தாங்க முடியுமா என்று நீ அளந்து பார்க்க வேண்டாம். பார்த்தது போதும்.

செனைதா.

*

டென்வர்
அக்டோபர் 10

அக்கா,

அது மழைக்காலம். ஆறு கரை புரண்டு ஓடியது. அக்கரைக்கு ஒருவன் நீந்திப் போய்க் கயிற்றைக் கட்ட வேண்டும். கம்பெனியில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவனுக்குக் காய்ச்சல். இன்னொருவன் நம்ம சிந்தோ. பேர் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். அவன் "ஆஜர்" என்றான், வாய்க்கால் வேலைக்குச் சொல்வது போலவே. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். "இத நீங்களே வச்சிருங்க மாமா. வாரு நனைஞ்சா அப்பா திட்டுவாரு" என்றான். என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான்.

பாதி ஆற்றில் ஒரு மரம் வேரோடு அடித்துக்கொண்டு வந்தது. கயிறு என் கையில்தான் இருந்தது. இழுத்தேன். வெறுங்கயிறு வந்தது. கீழே வளைவில் அவன் முகம் ஒரு தடவை மேலே வந்தது. அதில் உயிர் இல்லை, அக்கா. நான் பதினைந்து வருடம் பார்த்தவன், எனக்குத் தெரியும். மூன்று நாள் தேடினோம். கிடைக்கவில்லை.

அறிக்கை எழுத வேண்டியவனும் நான்தான். "இறந்ததைப் பார்த்தேன்" என்று எழுத வேண்டிய இடத்தில் "காணவில்லை" என்று எழுதினேன். "உன் கண்ணிலேயே வச்சுக்கோ" என்று நீ எழுதிய கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. என் கண் முன்னால்தான் போனான். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? உனக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். நீ ஒவ்வொரு மாதமும் ஷூ வாங்கிக்கொண்டு போவாய் என்று தெரியாது. தெரிந்த பிறகு, நிறுத்து என்று சொல்லத் தைரியம் இல்லை. வாயால் முடியாததைச் சுவரிடம் சொல்லிவிட்டேன்.

அந்தக் கரையில் அவன் எனக்குக் கொடுத்ததுதான் அந்தப் பூட்ஸ். என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நீ அறையைப் பெருக்கும்போது பார்த்துவிடுவாயோ என்று மூன்று நாளும் பயந்துகொண்டிருந்தேன். அங்கிருந்து கிளம்பிய நாள் முதல் மாதம் ஒரு தடவை அதற்கு எண்ணெய் போடுகிறேன். வார் இற்றுப்போகவில்லை என்று அத்தானிடம் சொல்.

ராணுவத்துக்கு நேற்று எழுதிவிட்டேன். உள்ளதை எழுதினேன்.

ஒனேசிமோ

*

ரிங்கோன்
அக்டோபர் 24

அன்புத் தம்பி ஒனேசிமோவுக்கு,

ஆடுகளும் கோழிகளும் சுகம். மற்றவர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உன் கடுதாசியை உன் அத்தானுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். மூணாங்கிளாஸ்காரி, எழுத்துக்கூட்டி வாசிக்கவே ரொம்ப நேரம் ஆகிவிட்டது. ஒரு விதத்தில் அது நல்லதாகப் போயிற்று. "வாரு நனைஞ்சா அப்பா திட்டுவாரு" என்கிற இடத்தை இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தேன். எழுந்து ஆட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். சாயங்காலம்தான் வந்தார்.

அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வச்சுக்கோ என்று கேட்டவள் நான். நீ பிள்ளையை இழுத்துக்கொண்டாய் என்று இத்தனை நாள் உனக்கு நன்றி சொன்னேனே, ஒவ்வொரு தடவையும் உனக்கு எப்படி இருந்திருக்கும்! இதில் யார் குற்றம் எவ்வளவு என்று பங்கு பிரிக்க எனக்குத் தெரியாது. பட்டாளத்தில் பிள்ளையைக் கொடுத்த எந்த அம்மாவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் செத்தவர்கள் நாள். அம்மா அப்பா படத்துக்குப் பக்கத்தில் சிந்தோ படத்தையும் வைக்கப் போகிறேன். படம் வைப்பது மட்டும் என்னால் முடியும். பக்கத்தில் மெழுகுவர்த்தி கொளுத்துவது நீ செய். பூட்ஸைத் தபாலில் போட்டுவிடாதே. கையில் எடுத்துக்கொண்டு வா. ஒதிலா வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு வா. காலை வீசி நடந்தாலும் பரவாயில்லை.

மடியோடு திருப்பிக் கொண்டு வந்த குட்டி ஷூவை எதிர் வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். அளவு சரியாக இருந்தது.

வாய்க்கால் மணியக்காரர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். "மார்ச்ல வாசிக்கிறப்போ சங்கடமா இருக்கும். சிந்தோ பேரை அடிச்சிடட்டுமா, அமராந்தே?" என்று கேட்டார்.  இவர், "அடிங்க. அந்த வரியில என் மச்சான் பேரை எழுதுங்க. மண்வெட்டி இருக்கு" என்றார்.

இப்போது முற்றத்தில் உட்கார்ந்து தோல் அறுத்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு நீளமாக எதுக்கு என்றேன்.  நான் கடுதாசி எழுதுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டு எழுதச் சொன்னார்: உன் பூட்ஸில் வார் கோர்க்க ஒரு பக்கத்துக்கு எத்தனை ஓட்டை?

உன் அக்கா.